டாக்ஸ் சார் போடாத கையெழுத்து

பிப்ரவரி பிறந்துவிட்டால் தீனதயாளனின் நடையே மாறிவிடும். மற்ற பதினோரு மாதமும் அவர் சாதாரணக் கணக்கு வாத்தியார்தான். ராசிபுரத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் அரசு மேல்நிலைப்பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா நடத்துவார். கடைசி பெஞ்சில் தூங்குகிறவனைப் பெயர் சொல்லி எழுப்புவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தானும் கொஞ்சம் தூங்குவார். அந்தப் பதினோரு மாதத்தில் அவரை யாரும் தேடி வந்தது கிடையாது.

பிப்ரவரியில் கதையே வேறு. சம்பளப் பட்டியலோடு ஒவ்வொருவரும் வருமான வரிப் படிவம் கொடுத்தாக வேண்டிய மாதம் அது. கொடுக்காவிட்டால் சம்பளம் வராது. கொடுத்தாலும் பாதிதான் வரும். வருடம் முழுக்கப் பிடிக்காமல் விட்ட வரியையெல்லாம் அந்த ஒரு மாதச் சம்பளத்தில் சேர்த்துப் பிடிப்பார்கள். அதனால் ஆசிரியர் அறையின் மூலையில், ஒரு கால் ஆடுகிற அவருடைய மேஜையைச் சுற்றி இருபத்திரண்டு பேர் எல்.ஐ.சி. ரசீதும் வீட்டுக்கடன் சான்றும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பள்ளியில் அவருக்கு டாக்ஸ் சார் என்று பெயர். வெளியே வேண்டாம் வேண்டாம் என்பார். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவருக்கு வெல்லமாக இனித்தது.

இத்தனைக்கும் அவர் சட்டம் படித்தவரும் அல்ல, ஆடிட்டரிடம் வேலை பார்த்தவரும் அல்ல. எந்த மாவட்டத்து எந்த வாத்தியாரோ உண்டாக்கி, வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றி வந்த எக்ஸெல் கோப்பு ஒன்று அவரிடம் இருந்தது. அதன் தலைப்புக்கு மயில்நீல நிறம் கொடுத்து, அடியில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். அவர் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான். அந்தப் படிவத்தைக் கண்டால் மற்றவர்களுக்கு வருகிற பயம்தான் அவருக்கு இருந்த ஒரே தகுதி. இதையெல்லாம் இப்போது அவரே சொல்லிச் சிரிக்கிறார். அப்போது சொல்லவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த பகுதி, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கான கழிவுகள். வருமானத்தில் இவ்வளவுக்கு வரி வேண்டாம் என்று அரசாங்கம் விட்டுக்கொடுப்பதுதான் கழிவு. பள்ளிக் கட்டணத்துக்கு எய்ட்டி சி என்ற சட்டப் பிரிவு. கல்விக் கடன் வட்டிக்கு எய்ட்டி ஈ. உடற்கல்வி ஆசிரியர் வேல்முருகன் தன் இரண்டு பிள்ளைகளின் தனியார் பள்ளி ரசீதுகளை நான்காய் மடித்துக் கொண்டுவந்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து நீட்டுவார். அரசுப் பள்ளி வாத்தியாருக்கு அந்த ரசீதை நீட்டக் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் செய்யும். தீனதயாளனுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அவர் மகள் நர்மதாவும் அப்படி ஒரு பள்ளியில் படித்தவள்தான். ஆனால் அந்த மூலையில் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு அதெல்லாம் மறந்துபோகும். ரசீதை விரித்துப் பிடித்து, டியூஷன் ஃபீஸ் என்று போட்டிருப்பது மட்டும்தான் சேரும், வேன் கட்டணமும் ஷூ சாக்ஸும் கட்டட நிதியும் சேராது என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி விளக்குவார்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து பிப்ரவரியில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ஒன்றாம் தேதி பட்ஜெட்டில் பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஆசிரியர் அறைக்குள் எல்லோரும் கல்யாண வீட்டு முகத்தோடு வந்தார்கள். அது அடுத்த வருடத்துக்கு, அதுவும் புதிய வரி முறைக்கு மட்டும்; அந்த முறையில் படிப்புக்கும் கிடையாது, பாலிசிக்கும் கிடையாது, கல்விக் கடனுக்கும் கிடையாது; இந்த வருடம் பழைய முறையில் போட்டால்தான் சிலருக்கு லாபம் என்று தீனதயாளன் இருபத்திரண்டு தடவை விளக்கினார். இருபத்திரண்டு முகங்களும் தொங்கிப்போயின. அவர் முகம் மட்டும் தொங்கவில்லை.

பதிமூன்றாம் தேதி வியாழக்கிழமை, சென்னம்மாள் டீச்சர் வந்தார். தமிழாசிரியை. வாழப்பாடிக்காரர். கணவர் அம்மாசி அங்கே இரண்டு ஏக்கரில் மரவள்ளி போடுகிறார். டீச்சர் வாரம் முழுக்க ராசிபுரத்தில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் ஏறுவார். ஒரே மகள் யாழினி சேலத்தில் ஒரு கல்லூரியில் நர்ஸிங் கடைசி வருடம். அந்தப் படிப்புக்கு வாங்கிய கடனுக்கு எழுபத்தேழாயிரம் வட்டி கட்டியதாக வங்கி கொடுத்த சான்றைத்தான் டீச்சர் மேஜைமேல் வைத்தார்.

தீனதயாளன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். சான்றில் யாழினி பெயர் மட்டும் இருந்தது. கழிவு கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். டீச்சர் லேசில் விடவில்லை.

“கையெழுத்துப் போட்டது நான்தான் சார். வட்டியும் என் சம்பளத்துலதான் போவுது.”

அந்த இடத்தில், எதில் போட்ட கையெழுத்து, அந்தக் காகிதம் எங்கே என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. சுற்றிலும் எட்டுப் பேர் வேறு நின்றிருந்தார்கள். கூட்டம் இருந்தால் தீனதயாளனுக்குச் சட்டத்தைவிட வசனம் முந்திக்கொண்டு வரும்.

“கடன்ல நம்ம பேரு இல்லாம கழிவு கேக்கறதுங்கறது, அடுத்த ஊட்டுக் கல்யாணத்துல போயி உக்காந்துட்டு நாம மொய் வாங்கற மாதிரிங்க டீச்சர்.”

அறையே சிரித்தது. வேல்முருகன் மேஜையைத் தட்டினார். சென்னம்மாள் சிரிக்கவில்லை. சான்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வரி எவ்வளவு கூடும் என்று மட்டும் கேட்டார். பதினாறாயிரத்துச் சொச்சம் என்றார் தீனதயாளன். வீட்டுக்கடன், சேமநிதி, மிச்ச வரி எல்லாம் போக அந்த மாதம் டீச்சர் கைக்கு ஆறாயிரம்தான் வரும். யாழினிக்கு ஹாஸ்டல் பாக்கியும் தேர்வுக் கட்டணமும் சேர்த்து மாதக் கடைசிக்குள் பதினெட்டாயிரம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. அதைப் பக்கத்து நாற்காலி அங்கம்மாள் டீச்சரிடம் சென்னம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னது தீனதயாளன் காதிலும் விழுந்தது. சனிக்கிழமை காலையில் ஊர்க் கூட்டுறவு சொசைட்டியில் கை வளையலை அடகு வைக்கப் போவதாகவும் சொன்னார். தீனதயாளன் அதைக் கேட்டுவிட்டு, அடுத்தவருடைய எல்.ஐ.சி. ரசீதை எடுத்துப் பார்த்தார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் மனைவி ஜெயப்பிரியா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நகராட்சி அலுவலகத்தில் உதவியாளர். கல்யாணமான புதிதில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் வரிப் படிவத்தைக் கணவரிடம் காட்டியிருந்தார். தீனதயாளன் அதைச் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் நூற்றுக்கு அறுபத்திரண்டு என்று மதிப்பெண்ணும் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தம்மா தன் படிவத்தைத் தானே எழுதி, தானே கொடுத்துவிடுவார். ஊருக்கெல்லாம் படிவம் எழுதுகிறவர், சொந்த வீட்டுப் படிவத்தைப் பார்த்துப் இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதை அவர் ஒரு குறையாகவும் நினைத்ததில்லை. ஒரு ஆள் மிச்சம் என்றுதான் நினைத்தார்.

மொய்க் கதையை அவர் சொல்லத் தொடங்கினார். யார் யார் நின்றார்கள், யார் எப்படிச் சிரித்தார்கள் என்று எதையும் விடாமல் சொன்னார். ஜெயப்பிரியா கடைசிவரை கேட்டுவிட்டு, கத்தியைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க, நம்ம நர்மதா கடன் சர்ட்டிபிகேட்டுல யாரு பேருங்க இருக்குது?”

தீனதயாளன் யோசித்தார். அந்தச் சான்றை வருடா வருடம் கையில் எடுக்கிறவர்தான். ஆனால் அதில் அவர் பார்த்தது தொகை இருந்த இடத்தை மட்டும். நாற்பத்தைந்தாயிரம் என்று பார்ப்பார், எய்ட்டி ஈ கட்டத்தில் போடுவார், எடுத்து வைத்துவிடுவார். இரண்டு வருடம் அப்படிப் போட்டாயிற்று. இந்த வருடப் படிவத்திலும் போட்டு வைத்திருந்தார்.

“நர்மதா பேருதான் இருக்கும்.”

“அப்ப நீங்க எந்தக் கல்யாணத்துல மொய் வாங்கறீங்க?”

தீனதயாளனுக்குக் கோபம் வந்தது. சான்றில் முதல் பெயரை மட்டும்தான் அடிப்பார்கள், கூடச் சேர்ந்து கடன் வாங்கிய பெற்றோர் பெயர் வங்கியின் அனுமதிக் கடிதத்தில் இருக்கும், அதுதான் செல்லும் என்று வேகமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். நேற்று சென்னம்மாள் டீச்சரும் அதைத்தானே சொன்னார்?

அந்த நினைப்பைத் தள்ளிவிட்டு பீரோவைத் திறந்தார். கடிதம் நர்மதாவின் மதிப்பெண் சான்றுகளுக்கு அடியில் இருந்தது. கடன் பெறுபவர், நர்மதா. உடன் கடன் பெறுபவர், ஜெயப்பிரியா. அந்தம்மாவின் குண்டு குண்டான கையெழுத்து முதல் மூன்று பக்கத்திலும் இருந்தது. தீனதயாளன் நான்காவது பக்கத்தைத் திருப்பினார். அதில் நிபந்தனைகள் இருந்தன. அதன் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அது வெள்ளைத் தாள்.

அப்போதுதான் அந்த நாள் அவர் ஞாபகத்துக்கு வந்தது. கொரோனாவால் வரிக் கணக்குத் தாக்கல் தள்ளித் தள்ளிப் போய், டிசம்பர் முப்பத்தொன்று கடைசி என்று ஆன வருடம். நர்மதா பி.ஃபார்ம். சேர்ந்திருந்தாள். தாயும் மகளும் வங்கியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அம்மாவில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால் போதுமாம், நீங்க வாங்கப்பா என்று மகள் போனில் கூப்பிட்டாள். அவர் அன்றைய தலைமையாசிரியர் வீட்டு சோபாவில், இஞ்சி டீயும் மடிக்கணினியுமாக இருந்தார். அம்மா போடட்டும் சாமி, எனக்கு இங்க ஹெச்.எம். சார் ரிட்டர்ன் இருக்குது என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்று ஊர் மாறிப் போய்விட்டார். இப்போது எதிரே பார்த்தால் அவருக்கு இவரை அடையாளம் தெரியுமோ என்னவோ.

“வட்டி என் அக்கவுண்டுலதானுங்க போகுது. கழிவையும் நாந்தான் எடுத்துட்டிருக்கேன். மொத வருசமே உங்ககிட்டச் சொன்னேன். நீங்க லேப்டாப்பைப் பார்த்துட்டே ம் போட்டீங்க” என்றார் ஜெயப்பிரியா.

ஆக, ஒரே கடன், ஒரே வட்டி. மனைவி முறைப்படி ஒரு தடவை எடுத்திருக்கிறார். பேரும் இல்லாமல் பணமும் கட்டாமல் கணவர் இன்னொரு தடவை எடுத்திருக்கிறார். அந்தக் கணவர்தான் டாக்ஸ் சார். தீனதயாளன் பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். வரி, அபராதம் என்று மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. ஆனால் அவரை அடித்தது அது இல்லை. மகள் படிப்புக்கு என்று வீட்டில் இருந்த ஒரே காகிதத்தில் அவர் ஒரு கோடுகூடப் போடவில்லை. வெட்கமாக இருந்தது.

“அந்த டீச்சர் சொன்னது நெசமாத்தானுங்க இருக்கும். கையெழுத்துப் போட்டவங்களுக்குத் தெரியாதுங்களா?” என்று சொல்லிவிட்டு ஜெயப்பிரியா அவரைக்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

சனிக்கிழமை காலையில் எட்டு மணிக்கு சென்னம்மாளுக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. திரும்பச் செய்தார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை மணி அடிக்கும் முன்பே அவரே துண்டித்துவிட்டார். போனில் எப்படிச் சொல்வது? ஆனால் சொல்லாமல் இருந்தால் பத்து மணிக்கு சொசைட்டி திறந்ததும் வளையல் போய்விடும். திங்கட்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டியல் மூடிவிடும். ஸ்கூட்டரை எடுத்தார்.

மல்லூர் தாண்டும்போது, வங்கிக்காரர்கள் சான்றில் முழு விவரம் போடாததால் வந்த குழப்பம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தார். சேலத்துக்குள் நுழையும்போது குற்றம் எக்ஸெல் கோப்பின் மேல் போயிற்று. அயோத்தியாப்பட்டணத்தில் பெட்ரோல் போட நின்றபோது, ஆவணம் கொண்டுவராதது டீச்சரின் தவறும்தானே என்று ஒரு வாக்கியம் தோன்றியது. அதை நினைத்துப் பார்க்க அவருக்கே சகிக்கவில்லை. வாழப்பாடி வந்தபோது பழி போட ஆள் யாரும் மிச்சமில்லை.

ஊருக்கு வெளியே, வழி கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். அம்மாசி களத்தில் மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டார். டீச்சர் அரை மணிக்கு முன்னால்தான் சொசைட்டிக்குப் போனாராம். தீனதயாளன் நாற்காலியில் உட்காராமலே, கல்விக் கடன் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார்.

அம்மாசி உள்ளே போய் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பட்டா, சிட்டா, ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் கீழே அந்தக் கடிதம். முதல் பக்கத்தை லேமினேட் பண்ணி வைத்திருந்தார். மகளுக்கு வங்கி கொடுத்த முதல் காகிதம், கசங்கக் கூடாதென்று செய்தாராம். கடன் பெறுபவர், யாழினி. உடன் கடன் பெறுபவர், சென்னம்மாள்.

“என் பேரைத்தான் மொதல்ல கேட்டாங்க சார். எனக்குச் சம்பளச் சீட்டு இல்லன்னு வேணான்னுட்டாங்க. கூடப் போயி ஒக்காந்திருந்தேன், அவ்ளோதான்” என்றார் அம்மாசி.

கூடப் போய் உட்கார்ந்திருக்கிறார். தீனதயாளன் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சொசைட்டியில் பத்துப் பதினைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சென்னம்மாள் கையில் டோக்கன் இருந்தது. மடியில் கைக்குட்டை முடிச்சு. இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. நகையை உரசிப் பார்த்து மதிப்புப் போடுகிறவர் ஏதோ புதுமனைப் புகுவிழாவுக்குப் போய்விட்டு இன்னும் வந்து சேரவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார் என்று ஒருத்தர் அலுத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, வேலைக்கு நேரத்துக்கு வராத ஒரு மனிதரை தீனதயாளன் மனதாரப் போற்றினார்.

டாக்ஸ் சாரை அங்கே பார்த்ததும் சென்னம்மாள் எழுந்துவிட்டார். ஐம்பது கிலோமீட்டராக ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றும் தீனதயாளன் வாய்க்கு வரவில்லை.

“வளையலைப் போட்டுக்குங்க டீச்சர். கழிவு உங்களுக்கு உண்டுங்க. தப்பு என்னுது.”

கடிதத்தை நீட்டினார். சென்னம்மாள் வாங்கித் தன் பெயர் இருந்த வரியைப் பார்த்தார். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். டீச்சருடைய படிவம் சரியாகிவிடும், அவருடையது யாருக்கும் தெரியாது. வரும் வழியில் அந்த யோசனையும் அவருக்கு வந்துதான் போனது. ஆனால் மொய்க் கதையைச் சொல்லிச் சிரித்தது இந்த வாய்தானே என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னார். தன் மகள் கடனில் தன் பெயர் இல்லாததை, அப்படியிருந்தும் இரண்டு வருடம் எடுத்ததை, கையெழுத்துப் போடக் கூப்பிட்டபோது போகாததை எல்லாம் சொன்னார். பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் நகைக் கவலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னம்மாள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். ஒரு வளையலை மாட்டிக்கொண்டார். இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“பேரு இல்லாத கடனுக்கு நீங்க எடுத்துக்கிட்டீங்க. பேரு இருக்கற கடனுக்கு எனக்கு இல்லன்னீங்க. எட்டுப் பேரு முன்னாடி மொய்யின்னு சொன்னப்ப எனக்கு அழுகை வந்துச்சு சார். பஸ்ஸுல வந்து அழுதேன்.”

தீனதயாளன் தலையைக் குனிந்துகொண்டார். பதிலுக்கு வசனம் பேசாமல் நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, ஆனாலும் நின்றார். டீச்சர் இரண்டாவது வளையலையும் மாட்டிக்கொண்டு, டோக்கனை ஜன்னலில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை இதையே ஆசிரியர் அறையிலும் சொல்ல வேண்டும், அந்த எட்டுப் பேரும் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்றார். அது கோபத்தில் கேட்டதில்லை. மாணவனிடம் வீட்டுப்பாடம் கேட்கிற குரல்தான். சரிங்க டீச்சர் என்றார் தீனதயாளன்.

திங்கட்கிழமை காலை முதல் மணிக்கு முன்பே சொல்லிவிட்டார். சிரித்துச் சமாளிக்கலாம் என்றுதான் தொடங்கினார். பாதிக்கு மேல் அது முடியவில்லை. சொல்லி முடித்ததும் வேல்முருகன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்ப வாங்கின மொய்யையெல்லாம் திருப்பிக் கட்டோணும்ங்களா சார் என்று கேட்டார். அறை சிரிப்பில் அதிர்ந்தது. இந்தத் தடவை சிரித்தவர்களில் சென்னம்மாள் டீச்சரும் ஒருவர் என்பதில் தீனதயாளனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

தலைமையாசிரியர் நவநீதகிருஷ்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு வருடப் படிவங்களிலும் சரிபார்த்தேன் என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டது அவர். டாக்ஸ் சார் எழுதினது என்று படிக்காமலே போட்டேனய்யா என்று புலம்பினார். தீனதயாளன் தன் படிவத்தில் எய்ட்டி ஈ கட்டத்தில் சுழியம் போட்டார். சென்னம்மாள் படிவத்தில் எழுபத்தேழாயிரம் போட்டு, கடிதத்தின் நகலை இணைத்தார். அன்று சாயங்காலம் பட்டியல் போயிற்று. மாதக் கடைசியில் டீச்சருக்கு இருபத்திரண்டாயிரம் வந்தது. யாழினிக்கு ஹால் டிக்கெட் வந்தது.

தீனதயாளனுக்கு அந்த மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் வந்தது. பழைய இரண்டு வருடக் கணக்கையும் திருத்தித் தாக்கல் செய்து, வரி, அதற்கு வட்டி, அதற்கு மேல் கூடுதல் வரி எல்லாம் கட்டினார். கட்டும்போது ஜெயப்பிரியா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று இடத்தில் கணவர் தப்பாகப் போட்டதை விரல் வைத்துக் காட்டினார். முடித்ததும் அந்தம்மா ஒரு சிவப்புப் பேனாவைத் தேடினார். கிடைக்கவில்லை. வாயாலேயே நூற்றுக்கு ஐம்பத்தெட்டு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இனி தன் படிவத்தைத் தரச் சம்மதம்தான், ஆனால் சார் வீட்டு அம்மா ஒரு தடவை பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று சென்னம்மாள் சொல்லிவிட்டார். அடுத்து அங்கம்மாளும் அப்படியே சொன்னார். வேல்முருகனும் சொன்னார். இப்போதெல்லாம் தீனதயாளன் படிவங்களை ஒரு கட்டைப் பையில் போட்டு வீட்டுக்குத் தூக்கிப் போகிறார், மறுநாள் திருப்பித் தூக்கி வருகிறார். டாக்ஸ் சார் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. கூரியர் சார் என்று மாற்றலாம் என்று அவரே ஒரு நாள் சொன்னார்.

அக்டோபரில் நர்மதாவுக்கு எம்.ஃபார்ம். இடம் கிடைத்தது. மறுபடி கடன், மறுபடி அதே வங்கி. தீனதயாளன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார். தாயும் மகளும் பின்னால் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அப்பா அங்கே நிற்பதை நர்மதா ஒரு நிமிடம் பார்த்தாள்.

“ஏனுங்கப்பா, இன்னிக்கு யாருக்கும் ரிட்டர்ன் இல்லீங்களா?”

இல்ல சாமி என்றார்.

மேனேஜர் கோப்பைப் புரட்டினார். பழைய கடனிலேயே அம்மா இருக்கிறார், அவர் ஒருத்தர் போட்டால் போதும் என்றார். தீனதயாளன் தானும் போடுவதாகச் சொன்னார். வரிக் கழிவுக்காகவா சார் என்று மேனேஜர் விசாரித்தார். அந்த வருடம் தீனதயாளன் புதிய முறைக்கு மாறியிருந்தார். அந்த முறையில் கல்விக் கடன் வட்டிக்கு ஒரு ரூபாய் கழிவு கிடையாது. அதை மேனேஜரைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

“கழிவெல்லாம் ஒண்ணும் வராதுங்க. சும்மா போடறேன்” என்றார்.

மேனேஜர் தாளைத் திருப்பி வைத்தார். ஜெயப்பிரியா மூன்று பக்கத்தில் போட்டார். அதற்குக் கீழே தீனதயாளன் மூன்று பக்கத்தில் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு நிபந்தனைகள் இருந்த நான்காவது பக்கத்தைத் திருப்பி, யாரும் கேட்காத அந்த இடத்திலும் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.